லைட் அடிச்சுக் காட்டுறதுதான் மானமா?



நீளமான பதிவு. பைக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும், பிள்ளைக்குப் பைக் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

"முன்னுக்குப் பொலிஸ் நிக்கிறான்" என்று நம்முடைய ரோட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவான். அவ்வளவுதான். கைப்பிடியில் தொங்கிய ஹெல்மட் தலைக்கு ஏறும். மூன்று பேர் ஏறி வந்த பைக்கில் ஒருவன் இறங்கி நடப்பான். லைசன்ஸ் இல்லாத பொடியன் வயல் பக்கம் திருப்பி விடுவான். லைட் அடித்தவன் யார் என்று இவனுக்குத் தெரியாது, இவன் யார் என்று அவனுக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவனை ஒருவன் காப்பாற்றிவிட்டுப் போகிறான்.

பைக் ஓடுகிறவர்களுக்குள் இருக்கிற எழுதாத சட்டம் இப்படித்தான் வேலை செய்கிறது. பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, கல்முனை, மருதமுனை தாண்டி மட்டக்களப்பு வரைக்கும் இந்தச் சட்டம்தான் ஓடுகிறது. முஸ்லிம் ஊரிலும் இதுதான், தமிழ் ஊரிலும் இதுதான்.

இந்தச் சட்டத்தில் நல்லது நிறைய இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டான்ட் மடக்காமல் போகிறவனைக் கண்டால் கடை வாசலில் நிற்கிற முன்பின் தெரியாத மனிசன் "ஸ்டான்ட்! ஸ்டான்ட்!" என்று கத்துவான். பின்னால் இருக்கிற பெண்ணின் அபாயா சில்லுக்குள் போகப் பார்த்தால் துரத்தி வந்து சொல்லிவிட்டுப் போவான். பெற்றோல் முடிந்து தள்ளிக்கொண்டு போனால் இன்னொருவன் பக்கத்தில் வந்து தன்னுடைய காலை உங்கள் பைக்கில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஷெட் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். காசு கேட்க மாட்டான். பெயர் கூடச் சொல்ல மாட்டான்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் பைக் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அதற்கு முன்னால் நாள் கணக்கில் வரிசை. அந்த நேரத்திலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், தன்னுடைய டாங்கியில் இருந்து போத்தலில் உருவிக் கொடுத்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 2015இல், கொள்ளைக்காரர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லி முழுமுகத் தலைக்கவசத்தைத் தடை செய்யப் பொலிஸ் புறப்பட்டபோது, உயிரைக் காக்கிற கவசத்தைக் கழற்றச் சொல்லாதே என்று பைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய் இடைக்காலத் தடை உத்தரவும் கிடைத்தது. நியாயமான ஒற்றுமை. அதற்கு நானும் கை தட்டுவேன்.

ஆகவே, பைக்காரர்களுக்கு மானம் இல்லை என்று நான் எழுத வரவில்லை. அந்த மானம் எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்றுதான் எழுத வந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன், சுபஹுக்குப் பிறகு, இன்னும் வெளிச்சம் வராத நேரம். பக்கத்து ஊர்த் தமிழ் ஐயா ஒருவர் சைக்கிளில் மரக்கறிச் சாக்கைக் கட்டிக்கொண்டு நம்முடைய சந்தைக்கு வந்துகொண்டிருந்தார். வருஷக் கணக்காக வருகிறவர். உங்களில் பாதிப் பேர் அவரிடம் கத்தரிக்காய் வாங்கியிருப்பீர்கள். பின்னால் வந்த பைக் ஒன்று அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தொழுது விட்டு வந்தவர்கள்தான் அவரைத் தூக்கினார்கள். தொடை எலும்பு முறிந்து, உள்ளுக்குத் தகடு வைத்திருக்கிறது. இப்போது அவருடைய மனைவி பஸ்ஸில் ஒரு சின்ன மூட்டையோடு வந்து போகிறார். சைக்கிளில் வந்த சாக்கில் காற்பங்கு கூட இருக்காது.

அடித்தது யார்?

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "விடுங்க சேர். நம்மட பொடியன் ஒருத்தன்தான். வேணுமெண்டா செய்த? வெளிநாட்டுக்குப் போக இரிக்கான்." பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று முன்பின் தெரியாதவனுக்கு அறிவிக்கிற மானம், ரோட்டில் விழுந்து கிடந்த மனிசனுக்கு ஒரு பெயரைச் சொல்ல மறுக்கிறது. இதுதான் என்னுடைய கேள்வி. இது மானமா? அல்லது பயத்துக்கும் சுயநலத்துக்கும் நாம் வைத்த பெயரா?

போன மாதம் பதினோராம் தரத்துப் பிள்ளைகளிடம் ஒரு கடதாசியில் எழுதச் சொன்னேன். புத்தகத்தில் உள்ள வீதிச் சட்டம் வேண்டாம், ரோட்டில் நீங்கள் படித்த சட்டத்தை எழுதுங்கள் என்றேன். பெயர் போட வேண்டாம் என்றதும் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார்கள். பொலிஸ் நின்றால் லைட் அடிக்க வேண்டும். கூட்டாளியின் பைக்கைப் பிடித்தால் ஓடினவன் யார் என்று சொல்லக்கூடாது. ரேஸுக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கக்கூடாது. முந்திப் போனவனை விடக்கூடாது. எங்கேயாவது அடிபட்டால் முதலில் கூட்டாளிக்குக் கோல் எடுக்க வேண்டும், வீட்டுக்கு எடுக்கக்கூடாது. யாரையாவது அடித்துவிட்டால் நிற்கக்கூடாது, சனம் அடிக்கும்.

ஒரு பிள்ளை கூட, நிறுத்தித் தூக்க வேண்டும் என்று எழுதவில்லை. கெட்ட பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். வகுப்பில் ஒருவன் மயங்கி விழுந்தால் நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள்தான். ரோட்டில் மட்டும் வேறு பாடம் படித்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை. அவர்களுடைய நானாமார், காக்காமார், சாச்சாமார் நடத்தியிருக்கிறார்கள். நீங்களும் நானும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இனி நீங்கள் சொல்லப்போகிற நியாயங்களுக்கு வருகிறேன். எல்லாம் கேட்டுப் பழகியவைதான்.

"பொலிஸ் சும்மா பிடிச்சுக் காசு கேக்கிறான் சேர். அதுக்குத்தான் லைட் அடிக்கிற." சரி. லஞ்சம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாவம், குற்றம். ஆனால் நீங்கள் லைட் அடிப்பது யாருக்கு? ஹெல்மட் போட்டு, லைசன்ஸ், இன்சூரன்ஸ், வருமானவரிப் பத்திரம் எல்லாம் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு உங்கள் லைட் தேவையில்லை. லைட் தேவைப்படுகிறவன் யார்? குடித்துவிட்டு வருகிறவன். களவெடுத்த பைக்கில் வருகிறவன். பொக்கட்டில் ஐஸ் பைக்கற் வைத்துக்கொண்டு வருகிறவன். ஐஸ் நம்முடைய பிள்ளைகளை அழிக்கிறது என்று ஜும்ஆவில் அழுகிறோம், கூட்டம் போடுகிறோம், பதாகை பிடிக்கிறோம். பிறகு அதே ரோட்டில், எதிரே வருகிறவன் யார் என்று பார்க்காமலே லைட் அடித்து அவனைத் தப்ப வைக்கிறோம். நீங்கள் காப்பாற்றியவன் அன்று மாலை யாருடைய பிள்ளையிடம் அந்தப் பைக்கற்றை விற்றான் என்று உங்களுக்குத் தெரியுமா?

லைட் அடியுங்கள். இரவில் ரோட்டின் நடுவில் மாடு படுத்திருந்தால் அடியுங்கள். பின்லைட் இல்லாமல் உழவு மெஷின் போனால் அடியுங்கள். மணல் கொட்டியிருந்தால், நெல் காயப்போட்டிருந்தால், யாராவது விழுந்து கிடந்தால் அடியுங்கள். ரோட்டில் இருந்து தொந்தரவை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்தோம். அந்த லைட் ஸதகா. ஆனால் மாட்டுக்கு லைட் அடிக்கிறவர்கள் எத்தனை பேர், பொலிஸுக்கு அடிக்கிறவர்கள் எத்தனை பேர்? இன்றிரவு நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"நிண்டா சனம் அடிச்சுக் கொன்று போடும்." இந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் என்ன ஏது என்று கேட்காமல் ஓட்டியவனுக்குக் கை வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பைக்கைக் கொளுத்தியவர்களும் உண்டு. அப்படி அடிக்கிறவர்கள்தான் அடுத்தவனை ஓட வைக்கிறார்கள். அவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். ஆனால் சனத்துக்குப் பயந்து அந்த இடத்தை விட்டுப் போனவனுக்கு வீட்டுக்குப் போய் ஒளிய அனுமதி இல்லை. நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போகலாமே. போகிற வழியில் 1990க்கு ஒரு கோல் எடுக்கலாமே. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி இன்று ஒன்பது மாகாணத்திலும் ஓடுகிறது. கோல் எடுத்தவனின் லைசன்ஸை அவர்கள் கேட்பதில்லை. ஐயா இருட்டில் கிடந்த நேரத்தில் ஒரு கோல் வந்திருந்தால் அவருக்கு அவ்வளவு இரத்தம் போயிருக்காது.

"வேணுமெண்டு செய்யல்ல, எக்சிடன்ட்." ஆமாம், வேண்டுமென்று யாரும் அடிப்பதில்லை. அடித்தது விபத்து. ஓடியது விபத்து இல்லை. அடித்த அந்த நொடியில் உங்களுக்குத் தெரிவு இருந்திருக்காது. அதற்கு அடுத்த நொடியில் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1951இல் இருந்து நம்முடைய நாட்டில் இருக்கிறது. விபத்து நடந்தால் நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். மார்க்கமும் இதைத் தற்செயல் என்று சொல்லித் துடைத்துவிடவில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். தவறுதலாக ஓர் உயிர் போனாலே குடும்பத்துக்கு நட்டஈடும், அதற்கு மேல் பரிகாரமும் சொல்லப்படுகிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவனுக்கு இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு. நம்மோடு உடன்படிக்கையில் வாழ்கிற வேறு சமூகத்தவரின் உயிர் போனாலும் அவருடைய குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று அதே வசனம் சொல்கிறது. விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் "எக்சிடன்ட்தானே" என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிந்துவிடும் என்று எந்த ஆலிமும் சொல்ல மாட்டார்.

"கத்ர் சேர், அல்லாஹ்வுடைய நாட்டம்." கத்ர் என்று சொல்கிற உரிமை விழுந்தவருக்கு உண்டு. பொறுமையோடு அவர் சொன்னால் அது ஈமான். அடித்தவன் சொன்னால் அது சாட்டு. பைக்கை யாராவது களவெடுத்தால் கத்ர் என்று விட்டுவிட்டு வீட்டில் இருப்பீர்களா? என்ட்ரி போட ஓடுவீர்கள்.

"அவன் வெளிநாட்டுக்குப் போற பொடியன். கேஸ் எண்டா பொலிஸ் ரிப்போட் எடுக்க ஏலாது." இதுதான் எனக்கு மிகவும் கோபம் தருகிற நியாயம். அவனுடைய கட்டார் பயணத்தைக் காப்பாற்ற ஊர் முழுக்க வாய் மூடுகிறது. அந்த ஐயாவுடைய சந்தைப் பயணத்தைக் காப்பாற்ற ஒரு வாய் திறக்கவில்லை. ஒருவனுடைய பிழைப்பு பிழைப்பு, இன்னொருவருடைய பிழைப்பு கத்தரிக்காயா?

வாய் மூடுவதால் அந்தக் குடும்பம் எதை இழக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஓடுகிற ஒவ்வொரு பைக்குக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வருஷா வருஷம் காசு கட்டித்தான் ஓடுகிறோம். அந்தக் காப்புறுதி உங்களுக்காக இல்லை. உங்கள் பைக்கால் அடிபடுகிற மூன்றாம் ஆளுக்காக. அது அவருடைய உரிமை. ஆனால் அந்த உரிமையைக் கேட்க பைக் இலக்கம் வேண்டும், பொலிஸ் முறைப்பாடு வேண்டும். எந்த பைக் என்றே தெரியாவிட்டால் எந்தக் கம்பனியின் கதவைத் தட்டுவது? நீங்கள் மறைத்தது ஒரு பெயரை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு ஏழையின் சட்டைப்பைக்குள் வர வேண்டிய காசையும் சேர்த்து மறைத்திருக்கிறீர்கள். இதற்கு நம்முடைய பாஷையில் என்ன பெயர்?

"சமாதானமா முடிச்சுப் போடுவம்." சமாதானம் நல்லது. மன்னிப்பு அதைவிட நல்லது. ஆனால் மன்னிக்கிற உரிமை யாருக்கு? காயப்பட்டவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும். பைக்காரனின் கூட்டாளிகளுக்கு இல்லை. பள்ளி நிர்வாகத்துக்கும் இல்லை. எனக்கும் இல்லை. அடித்தவன் யார் என்றே சொல்லாமல், இடையில் ஒருவர் ஒரு என்வலப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து "இத வெச்சுக்கொண்டு பேசாம இரிங்க" என்று சொல்வது சமாதானம் இல்லை. யாரை மன்னிக்கிறோம் என்று தெரியாமல் ஒரு மனிசன் எப்படி மன்னிப்பான்?

கடைசி நியாயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. தேத்தண்ணிக் கடையில் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். "அடிபட்டது அவங்கட ஆள். நாம போய் பேர் குடுத்தா பிரச்சின வேற மாதிரி போயிடும்."

இதற்கு நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.

காரைதீவைத் தாண்டாமல் நிந்தவூர்க்காரன் கல்முனைக்குப் போக ஏலாது. சாய்ந்தமருதைத் தாண்டாமல் காரைதீவுக்காரன் கல்முனைக்குப் போக ஏலாது. பாண்டிருப்பைத் தாண்டாமல் மருதமுனைக்காரன் கல்முனைக்கு வர ஏலாது. ஒரு ஊர் விட்டு ஒரு ஊராகக் கோர்த்த மாலை மாதிரித்தான் நாம் இந்தக் கரையில் இருக்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் நம்முடைய வீதியில் ஓடுகிறார்கள். நம்முடைய பிள்ளைகள் அவர்களுடைய வீதியில் ஓடுகிறார்கள். இன்று அவர்களுடைய ஐயா விழுந்ததற்கு நாம் பெயர் கொடுக்கவில்லை. நாளை அவர்களுடைய வீதியில் நம்முடைய பிள்ளை இருட்டில் விழுந்து கிடந்தால், யாரிடம் போய் என்ன முகத்தோடு பெயர் கேட்பது? பிரச்சினை வேறு மாதிரிப் போய்விடும் என்று சொல்கிறீர்கள். உண்மையைச் சொன்னதால் வந்த பிரச்சினைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. மறைத்து வைத்து, பிறகு தெரிய வந்து, சந்தேகம் ஊர் மேலேயே விழுந்து வந்த பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவனுடைய குற்றத்தை ஊருடைய குற்றமாக்குவது அந்த மௌனம்தான்.

இந்த விஷயம் நமக்குப் புதிதும் இல்லை. அதே அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தில் இருந்து தொடர்கிற வசனங்கள் எதற்காக இறங்கின என்று தஃப்சீரில் பாருங்கள். அறிவிப்புகளில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. பிரபலமான அறிவிப்பின் சாரம் இதுதான். மதீனாவில் அன்ஸாரிகளின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன் ஒரு கவசத்தைக் களவெடுத்தான். பழி ஒரு யூதரின் மேல் போடப்பட்டது. களவெடுத்தவனின் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து நபி (ஸல்) அவர்களிடம் அவனுக்காக வாதாடினார்கள். நம்முடைய ஆள், நம்முடைய குடும்பம், நம்முடைய மானம். வஹீ யாருடைய பக்கம் வந்தது? குற்றமற்ற அந்த யூதருடைய பக்கம். துரோகம் செய்தவர்களுக்காக வாதாட வேண்டாம் என்று வந்தது. முஸ்லிம்களின் தொகை குறைவாக இருந்த காலம், சுற்றிலும் எதிரிகள் இருந்த காலம். "இப்ப இதச் சொன்னா பிரச்சின வேற மாதிரி போயிடும்" என்று சொல்ல அன்றைக்குத்தான் காரணம் இருந்தது. அன்றைக்கே அது செல்லவில்லை. கல்முனை ரோட்டில் இன்றைக்கு எப்படிச் செல்லும்?

அநியாயம் செய்தாலும் சகோதரனுக்கு உதவு என்ற ஹதீஸைச் சிலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று ஸஹாபாக்களும் கேட்டார்கள். அவனுடைய அநியாயத்தைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்கிற உதவி என்று விளக்கம் வந்தது. அந்தப் பொடியனுக்கு உண்மையான கூட்டாளி ஒருவன் இருந்தால், பைக்கை மறைக்க இடம் தேடியிருக்க மாட்டான். "வா மச்சான், நானும் வாறன், போய்ச் சொல்லுவம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பான். பைக்காரர்களுடைய மானம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

சும்மா பேசிவிட்டுப் போவது ஆசிரியர்களின் வியாதி என்று சொல்வீர்கள். ஆகவே செய்யக்கூடியதையும் எழுதுகிறேன்.

பைக் ஓடுகிற தம்பிமாருக்கு: அடித்தால் நிறுத்துங்கள். 1990க்கு எடுங்கள். நிற்கப் பயமாக இருந்தால் நேராகப் பொலிஸ் நிலையம். கூட்டாளி அடித்துவிட்டு வந்து உங்களுடைய வீட்டுக் கதவைத் தட்டினால், பைக்கை உள்ளுக்கு எடுக்காதீர்கள். அவனை வெளியில் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரோட்டோரத்தில் நிற்கிற நமக்கு: ஓட்டியவன் மேல் ஒருவரும் கை வைக்கக்கூடாது. கை வைக்கிறவனைத் தடுக்க வேண்டும். நின்றவனுக்குப் பாதுகாப்பு உண்டு என்று தெரிந்தால்தான் அடுத்தவன் நிற்பான். நிற்கச் சொல்லிவிட்டு நின்றவனை அடிக்கிற ஊரில் யார் நிற்பான்?

கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களுக்கு: உடைந்த ஹெட்லைட்டும் வளைந்த ஃபோர்க்குமாகக் காலையில் ஒரு பைக் வருகிறது. ஓடி வந்தவன் உங்களுடைய கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். "மதில்ல அடிபட்ட" என்பான். மதிலில் அடிபட்டதா மனிசனில் அடிபட்டதா என்று உங்களை விட யாருக்குத் தெரியும்? உங்களுடைய கைக்கு வருகிற கூலி ஹலாலாக இருக்க வேண்டும் என்றால் சாமானை மாற்ற முன்னம் ஒரு கேள்வி கேளுங்கள்.

வாப்பா உம்மாமாருக்கு: லைசன்ஸ் எடுக்கிற வயதே வராத பிள்ளைக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டு "கவனமா போ மகன்" என்று சொல்வது கவனம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற வாப்பாவுக்குப் பிள்ளை மேல் இருக்கிற இரக்கம் லீசிங்கில் பல்சராக வருகிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற பைக் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தாண்டும். நம்முடைய ஒழுங்கைகளில் ஒரு கேற்றுக்கும் அடுத்த கேற்றுக்கும் இடையில் அவ்வளவு தூரம் கிடையாது. பந்தை எடுக்க ஒரு பிள்ளை ஓடி வருகிற நேரம் அதைவிடக் குறைவு. பெருநாள் பின்னேரம் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரைச் சுற்றுகிறவன் யாருடைய மகன்? பிள்ளை அடித்துவிட்டு வந்து அழுதால், அழுகையைத் துடைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் நீங்கள்தான். மறைத்தால் அவன் ஒரு நாள் தப்புவான், வாழ்க்கை முழுக்க ஓடுவான்.

பள்ளி நிர்வாகத்தினருக்கு: இணக்கம் பேசுவது நல்ல வேலை. பொலிஸில் முறைப்பாடு பதிவான பிறகு, பெயர் வெளியில் வந்த பிறகு, காயப்பட்டவரின் குடும்பம் விரும்பினால் பேசுங்கள். அதற்கு முன்னம் உட்கார வேண்டாம். இந்தப் பதிவில் உள்ளதை ஒரு ஜும்ஆவில் பேசச் சொல்லிக் கதீபிடம் கேளுங்கள். ரோட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஹக்கை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். தொந்தரவு கொடுக்காமல் இருப்பதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் அதற்குள் வருகிறது. பொலிஸுக்கு லைட் அடிப்பது அதில் வரவில்லை.

கடைசியாக அந்தப் பொடியனுக்கு. நீ இதை வாசிக்கிறாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன்னுடைய கூட்டாளி ஒருவன் இதை உனக்கு அனுப்பியிருப்பான்.

உன்னை அசிங்கப்படுத்த எனக்கு விருப்பமில்லை. உன்னுடைய பெயரை இங்கே போடவும் மாட்டேன். யாரும் கொமன்ட்டில் பெயர் போட்டால் அழித்துவிடுவேன். முகநூல் நீதிமன்றம் இல்லை. பொலிஸ் நிலையம் இருக்கிறது. அங்கே தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்கு ஒரு கோல் எடு. பள்ளிக்கூடம் விட்ட பிறகு எந்த நாளும் வருவேன். சட்டத்தரணி ஒருவரையும் கூட்டி வருகிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேருமாக அந்த ஐயாவுடைய வீட்டுக்குப் போவோம். அவர் ஏசினால் கேட்போம். நானும் உன் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.

பெயர் தெரிந்தும் பேசாமல் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். புதன்கிழமைச் சந்தைக்கு அந்த அம்மா வருவார். மூட்டையைப் பிரித்து வாசல் பக்கமாக இருப்பார். அவரிடம் மரக்கறி வாங்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்து விலை பேச உங்களால் முடிகிறதா என்று பாருங்கள்.

வஸ்ஸலாம்.